பத்தாவது வீடு

மத்திகிரி
5-8-1957

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை சரோஜா வணங்கி எழுதிக்கொண்டது.

இங்கே நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமாவும் முனிலட்சுமியும் சௌக்கியமா?

இவர் புளியமரத்திலிருந்து விழுந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். இனி மரம் ஏறுகிற தொழிலை மறந்துவிட வேண்டியதுதான் என்று கட்டுப் போட்டவர் சொல்லிவிட்டார். போன வாரம் இவர் அண்ணன் வந்து, "இங்க ஏன் கெடந்து அவதிப்படறீங்க, ஊருக்கே வந்துடுங்க" என்றார். அந்த வீட்டுக்குப் போனால் என் கதி என்ன என்று உனக்குத் தெரியும். அந்த அண்ணன் சம்சாரம் பார்க்கிற பார்வையில் என் பிள்ளைகளுக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

அதனால் ஒரு வேலைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன். திட்டாமல் கேள். பெங்களூரில் சம்பங்கி கம்பெனி என்று ஒன்று. சோப்பு, பவுடர், ஸ்நோ, தலைக்கு வாசனைத் தைலம் எல்லாம் செய்கிறார்கள். கடைக்குப் போடுவதில்லை. ஒரு வீட்டில் பத்துப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, எடுத்துக் காட்டி விற்க வேண்டும். இடம் கொடுக்கிற வீட்டு அம்மாவுக்கு ஒரு பவுடர் டப்பா இனாம். கார்த்திகை முடிவதற்குள் பத்து வீடு நடத்தினால் ஓசூர் தாலுக்காவுக்கு என்னை நிரந்தரமாகப் போடுவார்களாம். இல்லையென்றால் பெட்டியைத் திரும்பக் கொடுத்துவிட்டு நான் சாணி அள்ளப் போக வேண்டியதுதான்.

எனக்கு இந்த ஊரில் யாரைத் தெரியும்? மாமா வழிச் சொந்தம், உன் சிநேகம், யாராக இருந்தாலும் சரி, ஊரும் பேரும் எழுதி அனுப்பு. உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

இப்படிக்கு
சரோஜா

---

ஊத்தங்கரை
22-8-1957

சரோஜாவுக்கு அக்கா லட்சுமியம்மாள் ஆசீர்வாதம்.

நாங்கள் மூவரும் நலம். முழங்கால் வலி இருக்கிறபடி இருக்கிறது. தம்பிக்கு இடுப்பில் நல்லெண்ணெய் சூடு பண்ணித் தேய்த்துவிடு. குழந்தைகளை வெயிலில் விடாதே.

உன் கடிதத்தை முனிலட்சுமி வாசித்துக் காட்டினாள். சோப்பு விற்கப் போகிறாளா என்று உன் மாமா முகத்தைச் சுளித்தார். "உங்க வீட்ல ஒரு மூட்டை கேழ்வரகு அனுப்பறதுக்கு மூணு வருசம் யோசிப்பீங்க, அவ பொழைக்க வழி பண்ணிக்கிட்டா பொறுக்காதா?" என்று நானும் கேட்டுவிட்டேன். பிறகு அவரேதான் இரண்டு பேர் சொன்னார். கிருஷ்ணகிரியில் பழையபேட்டையில் வெள்ளையம்மா, அவருக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஓசூரில் தேர்ப்பேட்டையில் பாப்பம்மா. என் பேரைச் சொல்லு. கௌரவமாக நடந்துகொள். யார் வீட்டிலும் வாசலில் நின்று கெஞ்சாதே.

அக்கா லட்சுமியம்மாள்

சின்னம்மா, நான் முனிலட்சுமி. அம்மாவுக்குத்தான் எழுத்துத் தெரியாதே, அவள் சொல்லச் சொல்ல எழுதினது நான். பிழை இருந்தால் என்னைத் திட்டுங்கள். அந்த ஸ்நோ பூசினால் நிஜமாகவே முகம் வெளுக்குமா?

---

மத்திகிரி
16-9-1957

அக்காவுக்கு சரோஜாவின் நமஸ்காரம். உன் வீட்டில் அனைவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே சின்னவனுக்கு இருமல், மற்றபடி குறையில்லை.

கௌரவமாக நடந்துகொள் என்று எழுதினாய். கௌரவத்தோடு போனேன், கௌரவத்தோடு திரும்பி வந்தேன், பெட்டி மட்டும் இறங்கவில்லை. மாட்டுப்பண்ணை ஆட்கள் குடியிருக்கிற வரிசையில் பதினான்கு வீடு ஏறி இறங்கினேன். "எங்கூட்டுக்காரரக் கேக்கணும்" என்றாள் ஒருத்தி. ஒருத்தி கன்னடத்தில் என்னவோ சொல்லிக் கதவைச் சாத்தினாள். பாப்பம்மா காபி கொடுத்து மூன்று மணி நேரம் தன் மருமகளைப் பற்றிப் பேசினாள், கூட்டம் மட்டும் வேண்டாமாம்.

வீட்டுக்கு வந்து அழுதேன் அக்கா. வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. இவர் படுத்தபடியே, "அழுவறத நிறுத்திட்டு யோசனை பண்ணு. குங்குமம் குடுத்துக் கூப்பிட்டா எவளாச்சும் வரமாட்டேன்னு சொல்லுவாளா?" என்றார். பொட்டில் அடித்தது போல இருந்தது. மறுநாளே தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் வைத்து, நடுவில் கம்பெனி சோப்பும் சீப்பும் கண்ணாடியும் பவுடரும் அழகாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன். எந்தக் கதவும் சாத்தவில்லை. முதலில் உறவைச் சொல்ல வேண்டும், பிறகு நாளைச் சொல்ல வேண்டும், பெட்டியைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். இதுவரை நான்கு வீடு முடிந்தது. வெள்ளையம்மா வீட்டில் மட்டும் பதினாறு பேர்!

இன்னும் ஆறு வீடு வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? முனிலட்சுமியிடம் சொல், ஸ்நோ பூசினால் வெளுக்காது, ஆனால் வெளுத்த மாதிரி தோன்றும்.

உன் தங்கை
சரோஜா

---

ஊத்தங்கரை
3-10-1957

சரோஜாவுக்கு அக்காவின் ஆசிகள். சின்னவன் இருமலுக்குத் துளசிச் சாறு கொடு. இங்கே நிலக்கடலை பிடுங்க ஆள் கிடைக்காமல் நாங்களே காட்டில் கிடக்கிறோம்.

நான்கு வீடு முடிந்தது கேட்டுச் சந்தோஷம். சூளகிரியில் மாரம்மா இருக்கிறாள், நம் அத்தை வழி. ராயக்கோட்டையில் பூக்கடைக்காரர் வீடு இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் போ.

பேரிகைக்கு மட்டும் போக வேண்டாம். அந்த ஊர்ப் பக்கமே பெட்டியை எடுத்துக்கொண்டு போகாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா லட்சுமியம்மாள்

---

மத்திகிரி
25-10-1957

அக்காவுக்கு சரோஜா எழுதியது. தீபாவளி எப்படிக் கழிந்தது? இங்கே பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்தேன், என் கையால் சம்பாதித்து எடுத்தது. இவர் கழியை ஊன்றிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய்வந்தார்.

ஒன்பது வீடு முடிந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்று கிடைக்காமல் உயிர் போகிறது. நான் கூட்டம் வைத்தால் கடைசியில் பெட்டியைத் திறப்பேன் என்று மத்திகிரி முழுக்கத் தெரிந்துபோய்விட்டது. என்னைத் தாம்பாளத்தோடு பார்த்தால் பின்வாசல் வழியாக ஓடுகிறார்கள். கம்பெனி மேற்பார்வை அம்மா சாந்தம்மா பெங்களூரிலிருந்து வந்தவள், "ஒம்பது வேற, பத்து வேறம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எதிர்வீட்டுத் திம்மராயன் பேரிகைக்காரர். அங்கே சென்னகிருஷ்ணன் என்று ஒரு பெரிய குடும்பம், அவர் சம்சாரம் கெம்பம்மா கூப்பிட்டால் ஊரே திரளும் என்கிறார். நீயானால் பேரிகைக்குப் போகாதே என்கிறாய். ஏன் போகக்கூடாது? மாமாவுக்குக் கௌரவக் குறைச்சலா? தெரிந்தவர்கள் கண்ணில் நான் பட்டால் உங்களுக்கு அவமானமா? காரணத்தை எழுது. நியாயமாக இருந்தால் கேட்டுக்கொள்கிறேன். உடனே பதில் போடு, எனக்கு நாள் இல்லை.

சரோஜா

---

மத்திகிரி
10-11-1957

அன்பான அக்காவுக்குத் தங்கை சரோஜாவின் ஆயிரம் நமஸ்காரம். எல்லோரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் பதில் வரவில்லை. கடலைக் காட்டில் கிடக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே, பேரிகைக்குப் போய்விட்டேன். பத்தாவது வீடு முடிந்துவிட்டது அக்கா!

புதன்கிழமை தாம்பாளத்தோடு போனேன். வழக்கம்போல முதலில் உறவைச் சொன்னேன். "ஊத்தங்கரை தீர்த்தகிரி எங்க அக்கா ஊட்டுக்காரருங்க" என்றதும் சென்னகிருஷ்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் வரவேற்று, கெம்பம்மா கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். மாமாவுக்கு அந்த ஊரில் இவ்வளவு மரியாதையா! நான் தாம்பாளத்தைக் கொடுத்து, "வெள்ளிக்கிழம நாளு நல்லாருக்கு, பத்துப் பொம்பளைங்கள வரச்சொல்லி உங்க ஊட்லயே வெச்சுக்கலாங்களா?" என்று கேட்டேன். "நல்ல காரியத்துக்கு யோசிப்பாங்களா? தாராளமா வெச்சுக்கலாம்" என்றாள். இப்படி ஒரு வீட்டம்மாவை நான் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை போனால் வாசலில் கோலம், தோரணம். இருபத்திரண்டு பெண்கள். எனக்கு இலை போட்டு, பாயசம் ஊற்றி, ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தார்கள். "உங்க அக்கா வரலிங்களா?" என்று கேட்டார்கள். "அவங்க காட்டு வேலையில இருக்காங்க, எல்லாம் நான்தான் பாத்துக்கறேன்" என்றேன். அந்த வீட்டுப் பையன் கங்கப்பன் தலை நிமிராமல் தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். தங்கமான பையன். நம் முனிலட்சுமிக்கு இப்படி ஒருவன் அமைந்தால் தேவலை என்று நினைத்தேன்.

பெட்டியைத் திறந்து சோப்பு, பவுடர் எல்லாவற்றையும் காட்டி, யாருக்கு எது வேண்டும் என்று நோட்டை எடுத்தபோது மட்டும் எல்லோரும் கெம்பம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவி சிரித்தாள். பிறகு கெம்பம்மா எழுந்து, "எல்லாத்தையும் இங்கயே எறக்கிடுங்க" என்று பெட்டியில் இருந்தது முழுவதையும் தானே வாங்கிக்கொண்டாள். ஒரு சோப்புக்கூட மிச்சமில்லை! என் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை.

இனி நாங்கள் எங்கேயும் போக வேண்டாம். உன் புண்ணியம்.

சரோஜா

---

ஊத்தங்கரை
28-11-1957

திருமதி சரோஜம்மாள் அவர்களுக்கு, ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஆஞ்சப்பன் எழுதுவது. தங்கள் தமக்கையார் என்னை அழைத்து, தம் மகளைக் கொண்டு எழுதத்தக்க விஷயம் அல்லவென்று கூறியதால், அவர் சொல்வதைச் சொல்லியபடியே எழுதியிருக்கிறேன்.

சரோஜா, நீ சுகமாக இரு.

நான் அவ்வளவு சொல்லியும் பேரிகைக்குப் போனாயே. ஆடியிலிருந்து முனிலட்சுமியைக் கங்கப்பனுக்குப் பேசிக்கொண்டிருந்தோம். தை மாதம் தேதி குறிப்பதாக இருந்தது. நம் வீடுகளில் பெண்ணுடைய சின்னம்மாதான் முதல் தாம்பூலம் கொண்டுபோவாள் என்பது உனக்குத் தெரியாதா? என் கல்யாணத்துக்கு நம் சின்னம்மா போகவில்லையா? பெண் வீட்டுத் தாம்பூலம் என்று அவர்கள் கை நீட்டி வாங்கினார்கள். பங்காளிகளைக் கூட்டினார்கள். ஊருக்கு நடுவில் உட்காரவைத்து நீ அவர்களுக்குச் சோப்பு விற்றாய்.

"வியாபாரத்த முடிச்சிட்டோம், சாமானையும் வாங்கிக்கிட்டோம், இனி பேச்சு வேண்டாம்" என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பேரிகையில் எங்களை "சோப்பு சம்பந்தி" என்கிறார்களாம். உன் மாமா நான்கு நாளாக என்னிடம் பேசவில்லை.

என் மகள் வாழ்க்கையை வைத்துத்தானா உனக்குப் பத்தாவது வீடு?

---

மத்திகிரி
4-12-1957

அக்காவின் பாதங்களுக்கு சரோஜா விழுந்து எழுதுவது.

கடிதத்தைப் படித்தேன். எனக்கு எப்படி அக்கா தெரியும்? போகாதே என்றாய், சரி. முனிலட்சுமிக்குப் பேசுகிற இடம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தத் திசையிலேயே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேனே! காரணம் கேட்டும் எழுதினேனே!

மறுநாளே முதல் பஸ்ஸில் பேரிகைக்கு ஓடினேன். கெம்பம்மா வெளியே வரவில்லை. சென்னகிருஷ்ணன் மாட்டுக்கொட்டகையைக் காட்டினார். நான் விற்ற சாமான் அத்தனையும் பிரிக்காமல் மூலையில் குவித்துக் கிடந்தது. "எடுத்துட்டுப் போம்மா. உங்க மேல கோவம் இல்ல. எங்களுக்குத்தான் வெக்கமா இருக்குது" என்றார். அவர் என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எங்கள் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, இது என் மடத்தனம் என்று மண்ணில் உட்கார்ந்து சொன்னேன். "தெரிஞ்சு போச்சுங்க. ஆனா இருவத்திரண்டு பேரு பாத்தாங்களே" என்றார்.

சாந்தம்மாவிடம் போய், பத்தாவது வீட்டை எடுத்துவிடுங்கள், எனக்கு வேலையே வேண்டாம் என்றேன். சிரிக்கிறாள். பெங்களூருக்கு எழுதியாகிவிட்டதாம்.

நான் என்ன செய்ய வேண்டும் சொல். ஊத்தங்கரைக்கு வந்து மாமா காலில் விழட்டுமா?

சரோஜா

---

மத்திகிரி
20-1-1958

அக்காவுக்கு சரோஜா எழுதுவது. பொங்கல் வைத்தீர்களா? உன் முழங்கால் எப்படி? மாமா பேசுகிறாரா?

இது மூன்றாவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. போன மாதம் ஊத்தங்கரைக்கு பஸ் ஏறி, கிருஷ்ணகிரியிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். உன் வாசலில் நிற்கத் தைரியம் வரவில்லை.

என்னை நிரந்தரமாகப் போட்டுவிட்டார்கள். இதைச் சொல்லக்கூட எனக்கு வாய் கூசுகிறது. கங்கப்பனுக்குத் தளி பக்கத்தில் பெண் எடுத்துவிட்டார்கள் என்று திம்மராயன் சொன்னார். அன்றைக்கு நான் சமைக்கவில்லை. இவர்தான் பிள்ளைகளுக்குக் களி கிண்டிப் போட்டார்.

முனிலட்சுமி எப்படி இருக்கிறாள்? அதை மட்டுமாவது எழுது.

சரோஜா

---

ஊத்தங்கரை
12-2-1958

சின்னம்மாவுக்கு முனிலட்சுமி எழுதுவது. சின்னப்பாவும் தம்பி தங்கையும் சுகமா? நாங்கள் இருக்கிறோம்.

இத்தனை நாள் என் கையெழுத்தில் வந்தது அம்மாவின் பேச்சு. இது நானே எழுதுவது. அம்மாவுக்குத் தெரியாது.

புரட்டாசியில் அம்மா உங்களுக்கு எழுதச் சொன்னபோது, "பேரிகைக்கு மட்டும் போக வேண்டாம்னு எழுது. அங்க சென்னகிருஷ்ணன் ஊட்ல முனிலட்சுமிக்குப் பேசிட்டிருக்கோம், நீ பெட்டியோட போனா நல்லாருக்காதுன்னு எழுது" என்றாள். எனக்கு ஒரு பேச்சு நடக்கிறது என்று அந்த நிமிஷம்தான் எனக்கே தெரியும். என் கல்யாணத்தை என் கையால் எப்படி எழுதுவேன் சின்னம்மா? வெட்கமாக இருந்தது. போக வேண்டாம் என்பதை எழுதினேன், மீதியை விட்டுவிட்டேன். எழுதிட்டியா என்று அம்மா கேட்டாள். எழுதிட்டேன் என்றேன்.

நீங்கள் காரணம் கேட்டு எழுதியபோதும் அந்த வரிகளை வாசிக்காமல் தாண்டினேன். வாசித்தால் முதலில் எழுதாதது தெரிந்துவிடும் என்று பயம். நீங்கள் எங்கே போகப்போகிறீர்கள், நாளைக்கு நானே ஒரு கார்டு போட்டுவிடலாம் என்று இருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்றே போய்விட்டது. அப்புறம் நீங்கள் பேரிகைக்குப் போன கடிதம் வந்தது. எனக்கு இப்படி ஒருவன் அமைந்தால் தேவலை என்ற வரியை மட்டும் தாண்டி மற்றதெல்லாம் வாசித்தேன், கங்கப்பன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது உள்பட. அவர் பேரையே அதற்கு முன் நான் கேட்டதில்லை. அம்மா கையிலிருந்த முறம் கீழே விழுந்துவிட்டது.

ஒரு வரி எழுதியிருந்தால் என்று நீங்கள் அழுது எழுதியதையும் நான் வாசிக்கவில்லை. சின்னம்மா வெறும் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். தெரிந்தே போய் என் மகளைக் கெடுத்தாள் என்று அம்மா இன்றைக்கும் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொன்னால் அப்பா என்னைக் கொன்றே போடுவார்.

மாசி பதினாறில் எனக்குக் கல்யாணம். தீர்த்தமலைப் பக்கம். அவருக்கு முதல் சம்சாரம் செத்துப்போய் இரண்டு குழந்தைகள். பேரிகைக் கதை பரவியதால் வேறு இடம் வரவில்லை. உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா உத்தரவு.

நீங்கள் அம்மாவுக்கு உண்மையை எழுதுங்கள். என்ன எழுதினாலும் இந்தத் தடவை ஒரு வரி விடாமல் வாசிக்கிறேன். சத்தியம்.

முனிலட்சுமி

---

மத்திகிரி
20-2-1958

அன்புள்ள அக்காவுக்கு சரோஜா எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ எழுதாவிட்டாலும் நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

முனிலட்சுமிக்குக் கல்யாணம் என்று வெளியே கேள்விப்பட்டேன். யார் சொன்னார்கள் என்று கேட்காதே. நான் வந்து நின்று உங்களுக்குச் சங்கடம் தரமாட்டேன். யாராவது கேட்டால் சரோஜாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு.

உன் மனதில் ஒரு கேள்வி இருக்கும். தெரிந்து போனாளா, தெரியாமல் போனாளா என்று. சொல்லிவிடுகிறேன். பேரிகையில் முனிலட்சுமிக்குப் பேசுகிறீர்கள் என்று நீ புரட்டாசியிலேயே தெளிவாக எழுதியிருந்தாய். அவள் வரிக்கு வரி சரியாகத்தான் எழுதியிருந்தாள். நான் படித்தேன். பத்தாவது வீடு ஒன்றே கண்ணில் நின்றது, படித்ததை ஒதுக்கிவைத்துவிட்டுப் போனேன். தப்பு முழுக்க என்னுடையது. மாமாவிடமும் அப்படியே சொல்லு.

பெண்ணைக் கண் கலங்காமல் அனுப்பி வை. அந்த இரண்டு குழந்தைகளுக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டச் சொல்லிக்கொடு. அவளுக்குப் பொறுமை உண்டு.

முனிலட்சுமி, அம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னால் இதையே வாசி.

தங்கை
சரோஜா